டீ நேரத்தில் நான் நடத்திய அரசியல் பாடம்

அன்று எங்கள் பனியன் கம்பெனியில் இருந்தவர்கள்: துணி வெட்டும் அப்பா, தையலைக் கவனிக்கும் மாமா, டெய்லர் சரசக்கா, அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்திருந்த நான். இல்லாதவர் அம்மா. ஒரு காதுகுத்துக்காகக் காங்கேயம் போயிருந்தார். இருந்திருந்தால் என் வாயை வடையால் அடைத்திருப்பார்.

(கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பத்து மெஷின், ஒரு தகரக் கூரை.)

அப்பா ஒரு கட்சி, மாமா அதற்கு எதிர்க்கட்சி. கொள்கை பிடித்துப்போய் யாரும் கட்சிக்காரர் ஆவதில்லை; கட்சி சொன்னதால்தான் கொள்கையே பிடிக்கிறது. இதை நிரூபிக்க, எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரியான நான் துடித்தேன். டீ நேரத்தில் தேர்தல் வாக்குறுதிகளைக் கட்சி மாற்றிப் படித்தேன்.

"சின்னக் கம்பெனிகளுக்குக் கரண்ட் பில் பாதி. இது மாமா கட்சி."

"கஜானாவத் தொடைக்கப் பாக்கறானுக" என்றார் அப்பா.

"ஏனுங்க மச்சா, தொழில் தெரிஞ்சவன் எழுதினதுங்க அது" என்றார் மாமா.

வெற்றிப் புன்னகையோடு உண்மையை உடைத்தேன். "அது அப்பா கட்சி சொன்னது!"

இருவரும் திருந்துவார்கள் என்று காத்திருந்தேன். (சிரிக்காதீர்கள். இருபத்து மூன்று வயது.)

"அப்ப எங்ககிட்ட இருந்து திருடியிருக்கானுக" என்றார் மாமா.

"யாருடா திருடன்?" என்று எழுந்தார் அப்பா. "நாங்க செஞ்சா கணக்குப் போட்டுத்தான் செய்வோம்!"

அத்தோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சனிக்கிழமை ஆயிரத்து இருநூறு டீ-ஷர்ட் போக வேண்டும். எங்கள் கம்பெனியில் சைஸ் எழுதி ஒட்டும் சீட்டெல்லாம் கிடையாது. அப்பா வெட்டிக் கொடுக்கும்போது வாயால் சொல்வதுதான் சைஸ். இப்போது அந்த வாய் நான்.

"உங்க மாமங்கிட்டச் சொல்லு, இது லார்ஜ் கை, அது மீடியம் கை."

நான்கு எட்டு நடப்பதற்குள் குழம்பி, மாமாவிடம் மாற்றிச் சொன்னேன்.

"கை சின்னதா இருக்குதுங்ணா" என்றார் சரசக்கா, துணியை இழுத்துப் பிடித்தபடி.

"வெட்டினவரோட கட்சி அப்படி. நீ தையி" என்றார் மாமா.

தைத்து வந்ததை அப்பாவும் தூக்கிப் பார்த்தார். "அவன் கட்சிக்காரனுக்கு வேற எப்படித் தைக்க வரும்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு மடித்து வைத்தார். இருவருக்கும் கண் தெரிந்தது. பத்தடி நடந்து கேட்கத்தான் கட்சி விடவில்லை.

சரக்கு முழுவதும் திரும்பி வந்தது; நஷ்டம் ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய். பெட்டிகளுக்கு நடுவே நின்று அப்பாவும் மாமாவும் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்: "எல்லாம் இவன் படிச்ச படிப்பு."

இப்போதும் குடும்ப விசேஷங்களில் அரசியல் பேச நான் தொண்டையைக் கனைத்தால், பந்தியின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கட்சிகளும் சேர்ந்து குரல் கொடுக்கும்: "ஒரு லட்சத்து எட்டாயிரம்!"