நூற்று முப்பது கிலோமீட்டர்

அடிக்கோலை வரைபடத்தில் வைத்தபோது இரண்டு தீவுகளுக்கும் நடுவே ஆறரை சென்டிமீட்டர் வந்தது. ஓய்வுபெற்ற சர்வேயர் மூன்று தடவை அளந்து பார்த்தார். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கொடுத்தவருக்கு மகளின் கல்யாணத் தூரம் மட்டும் பிடிபடவில்லை.

மகள் தெற்குத் தீவு விமான நிலையத்தில் வானிலை பார்க்கிறாள். மாப்பிள்ளைப் பையன் வடக்குத் தீவு விமான நிலையத்தில் வயர்லெஸ் ஆப்பரேட்டர். வரனைக் கொண்டுவந்தவர் மனைவியின் தம்பி.

"நூத்தி முப்பது கிலோமீட்டர்தான் அத்தான். பெல்ட்டை மாட்டிக் கழட்டுறதுக்குள்ள எறங்கிடலாம்" என்றார்.

மகளைக் கேட்டதற்கு, அப்பா பார்த்து எது செய்தாலும் சம்மதம் என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற மனசு குளிர்ந்துவிட்டது.

ஆனாலும் சர்வேயர் டிக்கெட் அலுவலகத்தில் விசாரித்தார். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, நேர் விமானம் கிடையாது, தலைநகருக்குப் போய்த்தான் மாற வேண்டும், சுற்றி வந்தால் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் என்றாள். நடுவில் ஒரு ராத்தங்கல் வேறு.

மச்சானிடம் கேட்டார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லும், நேரில் போனால்தான் தெரியும் என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னார். சர்வேயர் அதையே பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தெற்குத் தீவில் மகளைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்புவதாக அவளிடம் சொல்லி, வடக்குத் தீவுக்குக் கிளம்பினார். செவ்வாய் தலைநகரில் தங்கினார். புதன்கிழமை விமானம் வடக்குத் தீவின் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றியது. கீழே ஒரே மூடுபனி. ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வியாழக்கிழமை பனி இல்லை, காற்று இருந்தது. பெயரே கேள்விப்படாத மூன்றாவது தீவில் இறக்கி, மீதித் தூரத்துக்குப் படகைக் காட்டினார்கள்.

படகில் ஏறுமுன் மனைவிக்கு போன் செய்தார்.

"இன்னும் போய்ச் சேரல, மூணு நாளாச்சு. இவங்களுக்குப் புள்ளை பொறந்தா அப்பனை போட்டோவுல காட்டித்தான் வளக்கணும்."

"பையன் நல்லவனாம். என் தம்பி சொன்னா சரியா இருக்கும்" என்றாள் மனைவி.

"பையனைக் குத்தம் சொல்லல. நடுவுல கெடக்குற கடலைச் சொல்றேன்."

படகில் குடல் வாய்க்கு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். தினம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாத கல்யாணம் தன் மகளுக்கு வேண்டாம். அதைப் பையனிடம் மரியாதையாக, நேரிலேயே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வடக்குத் தீவு விமான நிலையத்துக்குள் நுழைந்தார். ஒரே ஒரு கூடம். ஒரு தராசு, நாலு நாற்காலி. வயர்லெஸ் அறை பூட்டிக் கிடந்தது. கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஆப்பரேட்டர் எங்கே என்று கேட்டார்.

அந்த அம்மாள் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கெழமை வந்து கேட்டா எப்படிங்க? தபால் பிளேன்ல ஸ்டாஃபை ஏத்திக்குவாங்க, இருபத்தஞ்சே நிமிஷம். மூணு வருஷமா வாராவாரம் தெற்குத் தீவுக்குப் போய் அந்த வானிலைப் பொண்ணோட சாப்பிட்டுட்டு, சாயங்காலம்தான் வருவாரு."