சென்சார் மண்டோரும் பதினேழு வயது விளையாட்டும்

எங்கள் தோட்டத்தில் சினிமாப் படங்களை முழுதாகப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லாரும் அவர் மிச்சம் வைத்ததைப் பார்த்தோம்.

அவருக்குச் சென்சார் மண்டோர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் எங்களுடையது செம்பனைத் தோட்டம். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எண்ணி, வேலைக்கு அனுப்பும் மண்டோர் அவர். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளம் வாங்காமல் செய்தது தணிக்கை.

தொழிலாளர்கள் குடியிருந்த லயத்திலேயே அவர் வீட்டில்தான் வீடியோ டெக் இருந்தது. டேப் வந்தால் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக முழுப் படத்தையும் பார்ப்பார். பிறகு எங்களை உள்ளே விடுவார். டிவிக்குப் பக்கத்தில் தோளில் துண்டோடு காவல் நிற்பார். கதாநாயகி மழையில் இறங்கினால் துண்டு திரையில் விழும். படத்தை மறைத்துச் சத்தத்தை விட்டால் கற்பனை கெட்டுப்போகும் அல்லவா, அதனால் சத்தத்துக்கும் சேர்த்து இருமுவார். படம் எப்படி என்று யாராவது கேட்டால் நாங்கள் "எட்டு இருமல்" என்போம். எட்டு இருமல் படத்துக்குக் கூட்டம் தாங்காது.

அவர் மகன் குணா என்னோடு ஒரே வகுப்பு. அவனுடைய அறிவியல் பாடப் புத்தகத்தையும் மண்டோர் விட்டுவைக்கவில்லை. இனப்பெருக்கம் என்ற பாடத்தை ஸ்டேப்ளர் வைத்து நாலு மூலையிலும் அடித்துவிட்டார்.

"ப்பா, சோதனையில வரும் லா!" என்றான் குணா.

"எத்தன மார்க்கு?"

"பத்து."

மண்டோர் யோசித்தார். "சரி, பிரிச்சிக்க. சோதன முடிஞ்சதும் திரும்ப அடிச்சிரணும்."

அடித்தான். அதுதான் அந்த வீட்டின் வழக்கம். மண்டோர் பார்க்காமல் எதையும் தடுக்கமாட்டார். தடுத்தால் காரணம் சொல்லுவார். காரணத்துக்குப் பதில் சொன்னால் உட்கார்ந்து கேட்பார். வெள்ளிக்கிழமை "தாக் போலே", அதாவது கூடாது, என்று தொடங்கியது ஞாயிற்றுக்கிழமை "போலே", ஆகட்டும், என்பதில் முடியும்.

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. என் அப்பா தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. இங்கிலீஷ் பேப்பர் படிப்பார், காற்சட்டையில் மடிப்பு கலையாது. ஆனால் வீட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் "வேணாம்". நான் "அப்பா..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்குவதற்குள் "வேணாம்" வந்துவிடும். சிலசமயம் அவர் வேண்டாம் என்று சொன்னது எதை என்று அவருக்கே தெரியாது. நானும் சொல்லமாட்டேன்.

கிராணி மகனுக்கு மண்டோர் மகனைப் பார்த்துப் பொறாமை என்றால் அந்தக் காலத்தில் தோட்டமே சிரித்திருக்கும். எங்கள் வீடு பெரியது, வாசலில் குழாய்த் தண்ணீர், கூடத்தில் சோபா. குணாவிடம் இருந்தது ஸ்டேப்ளர் அடித்த புத்தகம். ஆனாலும் அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எங்களுக்குப் பதினாறு வயது நடந்த வருஷம் அந்த எரிச்சலில் எண்ணெய் விழுந்தது. சிரம்பானில் இருந்த குணாவின் சித்தப்பா, தனக்குப் புதியது கிடைத்ததும், பழைய வீடியோ கேம் பெட்டியை இவனுக்குக் கொடுத்துவிட்டார். கூடவே இரண்டு சிடி. ஒன்று பந்து விளையாட்டு. மற்றொன்றின் அட்டையில் ஓர் இருட்டு மாளிகை, ரத்தக் கை, அடியில் சின்னதாய் ஒரு கட்டம். செத்துப்போனவர்கள் எழுந்து நடப்பார்கள், நாம் சுட வேண்டும், அதுதான் விளையாட்டு.

பந்து விளையாட்டு ஒரே இருமலில் தேறியது. இரண்டாவதற்கு விசாரணை வைத்தார் மண்டோர். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, இங்கிலீஷ்ல என்னா போட்டிருக்கு, படிச்சிச் சொல்லு."

"ப்பா, எனக்கே படிக்கத் தெரியும்," என்றான் குணா.

"குத்தவாளியே மொழிபெயர்க்கப்படாது. நீ சும்மா இரு."

அட்டையை வாங்கினேன். ரத்தமும் வன்முறையும் உண்டு, பதினேழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும், அவ்வளவுதான் இருந்தது. குணாவைப் பார்த்தேன். எப்படியும் ஞாயிற்றுக்கிழமைக்குள் 'போலே' வாங்கிவிடுவோம் என்ற தைரியத்தில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கால் ஆடிய ஆட்டம்தான் என்னைக் கெடுத்தது.

"இருபத்தொரு வயசுக்கு மேலதான் ஆடணுமாம் மாமா," என்றேன். "சின்னப் பிள்ளைங்க ஆடுனா கண்ணு கெட்டுப்போகுமாம். தூக்கத்துல எந்திரிச்சி நடப்பாங்களாம். அப்பா அம்மாவ எதிர்த்துப் பேசுவாங்களாம்."

மண்டோர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டும் இந்த ரெண்டு வரியிலயா இருக்கு?"

"இங்கிலீஷ் சுருக்கமான பாஷை மாமா."

குணாவின் கால் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மண்டோர் வெகுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "இருபத்தொண்ணுக்கு மேலன்னா எனக்கு நாப்பத்தேழு. நான் ஆடலாம். மொதல்ல நான் முடிக்கிறேன். முடிச்சிட்டு உனக்கு ஆகுமா ஆகாதான்னு சொல்றேன்."

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மண்டோர் முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். கேம் கைப்பிடியை லாரி ஸ்டீயரிங் மாதிரிப் பிடித்து, திரையில் ஆள் இடப்பக்கம் திரும்பினால் இவரும் இடப்பக்கம் சாய்வார். எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்னும் "உள்ள யாரு லா?" என்று கேட்பார். பிணம் ஒன்று எழுந்து வந்தால் உடனே சுடமாட்டார். "பாவம்யா, ஒரு தடவ செத்தவன். மறுபடியும் சாவடிக்கச் சொல்றானுங்க," என்று வருத்தப்படுவார். அதற்குள் பிணம் இவரைக் கடித்துவிடும். முதல் வாரத்தில் முப்பது தடவையாவது செத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "திரும்பச் செத்தாச்சா? அப்ப வந்து பசியாறுங்க," என்பார்.

ஆட்டம் நகரவில்லை. நகர வேண்டுமானால் குணாவின் உதவி வேண்டும். குணாவுக்கோ திரையைப் பார்க்க அனுமதி இல்லை. அப்பனும் மகனும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குணா சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்வது. மண்டோர் திரையில் தெரிவதைச் சொல்வது. சித்தப்பா சொல்லித் தந்ததை வைத்துக் குணா சுவரிடம் யோசனை சொல்வது.

"எடதுபக்கம் ஒரு மாடிப்படி. மேல வெளக்கு எரியுது."

"சாவி எடுத்தியாப்பா?"

"எந்தச் சாவி?"

"நேத்து சொன்னேன்ல, பியானோ பக்கத்துல!"

"பியானோவா? நான் அத பொணப்பெட்டின்னு நெனச்சி சுட்டுட்டேன் லா."

வாரத்துக்கு ஒரு தடவை நாற்காலி பற்றிப் பேச்சுவார்த்தை. முழு முதுகு காட்டியதிலிருந்து குணா பேசிப் பேசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினான். மண்டோர் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, நாற்காலிக் கால் அதைத் தாண்டக்கூடாது என்பார். மூன்றாவது வாரம் குணாவின் மூக்கு பக்கத்துச் சுவரில் தொங்கிய நாள்காட்டிக்கு நேராக வந்திருந்தது. "இன்னும் ரெண்டு விரக்கட தள்ளிக்கிறேன்ப்பா." "ஒரு விரக்கட." "ஒண்ணர." "சரி, போ."

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் நின்று, பாதி திறந்த ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை என்னவென்றால், அங்கிருந்து திரை எனக்கு முழுதாகத் தெரிந்தது. மாளிகை, ரத்தம், பிணம், எல்லாவற்றையும் நான் பார்த்தேன். குணா பார்த்தது சுண்ணாம்பு அடித்த சுவரை. ஆனாலும் நான்தான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கொசுக்கடியோடு நின்றுகொண்டு, அந்தச் சுவருக்கு எதிரே என்னை உட்கார வைக்க மாட்டார்களா என்று ஏங்கினேன்.

ஒருநாள் துணிந்து வீட்டில் கேட்டேன். "அப்பா, குணா வீட்டுக்குப் போயி..."

"வேணாம்."

பேப்பர்கூட இறங்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அடுத்த பாவத்தையும் செய்தேன். எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் வேண்டாம் என்று, மண்டோர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை ரத்தம் சொட்டச் சொட்ட அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பேப்பர் இறங்கியது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு லயத்துக்குக் கிளம்பினார்.

கிராணி லயத்துக்கு வருவது சாதாரண விஷயமல்ல. மண்டோர் பதறி எழுந்தார். திரையில் அவருடைய ஆளைப் பிணம் கடித்துக்கொண்டிருந்தது.

"என்ன மண்டோரே இது? பிள்ளைய வச்சிக்கிட்டு இந்தக் கண்றாவிய ஆடுறீங்க?" அப்பா அட்டையை எடுத்து இங்கிலீஷில் உரக்கப் படித்தார். "பதினேழு வயசுன்னு போட்டிருக்கு. ஒங்க பையனுக்கு என்ன வயசு?"

"பதினாறுங்க ஐயா. அதான் அவன செவுத்தப் பாத்து உக்கார வச்சேன். இருபத்தொண்ணுன்னுல்ல நெனச்சேன்."

"இருபத்தொண்ணா? எவன் சொன்னான் ஒங்களுக்கு?"

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். குணா வாயைத் திறந்தான். மண்டோர் அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"யாரும் சொல்லலைங்க. நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். படிக்காதவன்தானுங்களே, தப்பாப் படிச்சிட்டேன்."

அப்பா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தெரியலன்னா ஆபீசுக்கு வந்து கேக்கணும் மண்டோரே," என்றார். நூறு பேரை ஒரு குரலில் நிறுத்தும் மனிதர், என் பொய்க்காகத் தலையைக் குனிந்து, "சரிங்க ஐயா," என்றார். இனி அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று வழியிலேயே எனக்கு உத்தரவாகிவிட்டது.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் இடத்தில் மண்டோர் நின்றிருந்தார். கிட்டப் போய், "மாமா, அன்னிக்கு நான் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன்," என்றேன்.

"தெரியும் லா."

"குணா சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? எனக்கு எழுத்துதான் தெரியாது. நம்பரு தெரியும்டா. தெனம் ஆள் எண்ணுறவன் நான். பதினேழு எது, இருபத்தொண்ணு எதுன்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாமா சும்மா இருந்தீங்க?"

"நீ சொன்னதுதான் எனக்கும் வசதியாப் போச்சி. கொஞ்ச நாளு நானே ஆடிப் பாக்கலாம்னு ஒரு ஆச." சிரித்தார். பிறகு, "சாக்கடையில நின்னு நின்னு பாத்தியே, கால் வலிக்கல?" என்றார்.

அதுவும் தெரிந்திருக்கிறது. நான் அழ ஆரம்பித்தேன்.

"உள்ள கூப்பிட்டிருப்பேன். ஒங்கப்பாகிட்ட கேக்காம கூப்பிடப்படாது. நீ கேட்டியா?"

"கேட்டேன். வேணாம்னுட்டாரு."

"எத்தன தடவ கேட்ட?"

"ஒரு தடவ."

"ஒரு தடவையா?" மண்டோருக்குத் திகைப்பு. "குணா ஒரு நாளைக்கு ஒம்பது தடவ கேப்பானே."

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா ஆபீஸ் விஷயம் என்று நினைத்து உட்காரச் சொன்னார். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"தம்பி விசயமாப் பேச வந்தேன் ஐயா. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. பையனோட ஆடட்டும்."

"வேணாம்."

எங்கள் வீட்டில் பேச்சு அத்தோடு முடியும். மண்டோர் எழுந்திருக்கவில்லை. அம்மா வைத்த பாலில்லாத தே ஓவை ஒரு மடக்குக் குடித்தார்.

"சரிங்க ஐயா. ஏன் வேணாம்?"

அப்பாவிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "படிப்புக் கெடும்," என்றார் கடைசியில்.

"மார்க்கு எறங்குனா நானே உள்ள விடமாட்டேன்."

"அந்த ரத்த விளையாட்டு..."

"பந்து விளையாட்டு மட்டுந்தான் ஐயா. செத்தவனுங்கள நான் பாத்துக்கிறேன்."

அப்பாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"அரை மணி நேரம்," என்றார் அப்பா.

"ஒண்ணு."

"மண்டோரே!"

"முக்காலு. நல்ல பிள்ள ஐயா அது. தனியா இருக்குறாப்ல தெரியுது."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அம்மா இன்னொரு தே ஓ கொண்டுபோய் வைத்தாள். பேச்சு என் படிப்புக்குப் போயிற்று, அங்கிருந்து நான் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்ததற்கு, அங்கிருந்து அப்பா பந்து விளையாடிய காலத்துக்கு. முக்கால் மணி நேரத்துக்கு அனுமதி என்பது எப்போதோ முடிவாகிவிட்டிருந்தது. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு மண்டோர் எழுந்திருக்கப் பார்த்தபோது, கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு, இந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க மாட்டாரா என்று இருந்தது.