பத்திரமான பணம்

"முதலாளி நம்ம பண்டு துட்ட முழுங்கிட்டாராம், வரதா."

குணசேகரன் இதை ரகசியமாகத்தான் சொல்ல நினைத்தான். ஆனால் திருவொற்றியூரில் முதலாளி தவசிமுத்துவின் இரும்புப் பீப்பாய்த் தொழிற்சாலையில் ரகசியம் பேச வழியே கிடையாது. தகரத்தைத் தட்டுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவனுக்கே தொண்டை கிழியக் கத்தினால்தான் கேட்கும். அதனால் அவன் வாயை மூடுவதற்குள் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. எல்லோரும் வரதனைப் பார்த்தார்கள்.

காரணம், பண்டுக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதி வரதன்தான். தேர்தல் கூட்டத்தில் "யார் நிற்கிறீர்கள்?" என்று கேட்டபோது, அவன் ஒன்றுக்குப் போக எழுந்து நின்றான். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, முதலாளியும் தன் பங்கைப் போட்டு, வயதான காலத்துக்கென்று சேர்க்கிற பணத்துக்கு அப்படித்தான் அவன் காவலனானான்.

செய்தியை நம்பாமலிருக்கவும் முடியவில்லை. கொரியாவில் சண்டை நின்றதிலிருந்து உலகத்தில் எவனுக்கும் பீப்பாய் வேண்டியிருக்கவில்லை. விற்காத பீப்பாய்கள் முற்றத்தில் மலையாகக் குவிந்து, அவற்றில் காக்கைகள் வாடகையில்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"இன்னா பாத்துக்கினு கீற? போய் கேளு" என்றான் குணசேகரன்.

வரதன் கைகளைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனான். மேனேஜர் ராமசுப்பு முதலாளியின் ஊர்க்காரர். திருநெல்வேலிப் பக்கம்.

"யாருவே சொன்னது? உம்ம பணம் பத்திரமா இருக்கு. இரும், ஒரு காப்பி சாப்பிட்டுட்டுப் போம்" என்றார்.

வரதன் காபியைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினான்.

"பத்திரமா கீதாம்பா. காப்பிகூட குடுத்தாரு."

பன்னிரண்டு வருஷமாக அந்த அறையில் எந்தத் தொழிலாளிக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைத்ததில்லை.

"காப்பியா குடுத்தான்? அப்ப போச்சு. முழுசா பூட்சி" என்றான் குணசேகரன்.

வரதன் மறுபடியும் ஓடினான். பணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். ராமசுப்பு கோபித்துக்கொள்ளவே இல்லை. இரும்பு அலமாரியைத் திறந்து, முத்திரை குத்திய சில தாள்களைக் காட்டினார். பண்டுப் பணத்தில் வாங்கியிருந்த சர்க்கார் கடன் பத்திரங்கள். சர்க்கார் இருக்கிறவரைக்கும் அந்தப் பணம் எங்கும் போகாது என்று விளக்கினார். வரதனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அதைப் பட்டறையின் கடைசி ஆள்வரை கேட்கக் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால் சுருக்கிச் சொன்னான்.

"எல்லாம் கடன் பத்திரமா கீது."

"கடனா?"

"சர்க்காருக்கு."

"நம்ம துட்ட எடுத்து சர்க்காருக்குக் கடன் குடுத்துட்டானா? சர்க்காரு எவனுக்குப்பா திருப்பிக் குடுத்துகீது?"

"அதான் அந்தாளு பத்திரமா கீது, பத்திரமா கீதுன்னு சொன்னானா" என்றார் ஒரு கிழவர். "பொய் சொல்லல பாரு."

மூன்றாம் முறை வரதன் போய்க் கெஞ்சியதன் பேரில், வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: "பண்டுப் பணத்துக்கு ஆபத்து என்ற வதந்தியை யாரும் நம்ப வேண்டாம்." அதுவரை விஷயம் தெரியாமலிருந்த பெயிண்டு பகுதிக்காரர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அவர்களும் வேலையை நிறுத்திவிட்டு வந்து வரதனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பேஜாரா பூட்சிபா. துட்ட கையில வாங்கிக் குடுத்துடு" என்றார்கள்.

வரதன் நான்காம் முறையாக மேனேஜர் எதிரில் நின்றான். அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்படியெல்லாம் கைக்குக் குடுக்க விதி இல்லவே" என்றார் ராமசுப்பு வருத்தத்தோடு. "ஆளு செத்தாக் குடுக்கலாம். இல்ல, தானா வேலையை விட்டு நின்னாக் குடுக்கலாம். அதெல்லாம் நீரு எதுக்குக் கேக்கீரு?"

சாவதற்கு யாரும் முன்வரவில்லை. குணசேகரன்தான் துணிந்து ராஜினாமா எழுதிக் கொடுத்தான். சாயங்காலமே பணம் வந்துவிட்டது. மடிப்புக் கலையாத நோட்டுகள். அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், கடைசியில் நல்ல நோட்டுதான் என்று ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலை மேனேஜர் அறை வாசலில் வரிசை. முந்திக்கொண்டவனுக்குத்தான் கிடைக்கும் என்று தள்ளுமுள்ளு. வரதன் ஓடியாடி வரிசையைச் சரிசெய்தான். எழுதத் தெரியாதவர்களுக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தான். உயிருள்ள பிரதிநிதி எப்படியிருப்பான் என்று அன்றுதான் தொழிற்சாலைக்குத் தெரிந்தது. கடைசி ஆளுக்கும் பணம் கிடைத்த பிறகுதான் தன் ராஜினாமாவை நீட்டினான்.

ராமசுப்பு எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உம்ம மாதிரி ஒரு ஆளு கிடைக்க முதலாளி குடுத்து வச்சிருக்கணும்வே" என்று சொல்லி, அவன் கழுத்தில் ஒரு ரோஜாப்பூ மாலையும் போட்டார். அவர் கண் கலங்கியிருந்ததை வரதன் கவனித்தான். தோற்றுப்போனவனிடம் கொஞ்சம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க சார்" என்றான்.

மாலையோடு வீட்டுக்குப் போனதும் பணத்தை மனைவி பட்டம்மாள் மடியில் வைத்தான்.

"மொத்த பேரு துட்டையும் காப்பாத்திட்டேன்மே."

அவள் எண்ணி முடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "செரி. நாளைக்கு எத்தினி மணிக்கு வேலைக்குப் போணும்?"

"இன்னா வேலை?"

"அதான் நானும் கேக்குறேன்."

பெண்களுக்கு இந்த விவகாரமெல்லாம் புரியாது என்று முடிவுசெய்து, வரதன் மாலையைக் கழற்றாமலே பஷீர் டீக்கடைக்குக் கிளம்பினான். நாலு பேர் பார்க்கட்டுமே. அங்கே மேனேஜர் அறைப் பியூன் துரை தனியாக உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். வரிசையில் அவனை மட்டும் பார்க்கவில்லையே என்பது வரதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா துரை, நீ மட்டும் மாட்டிக்கினியே. முதலாளி உன் துட்ட முழுங்கிட மாட்டாரா?" என்றான் இரக்கத்தோடு.

துரை பன்னை மென்று விழுங்கினான்.

"எனுக்கு இன்னா பயம் நைனா? ஆளக் கொறச்சா தலைக்கு இவ்ளோன்னு நஷ்டஈடு குடுக்கணும்னு சர்க்காரு புதுசா சட்டம் போட்டுகீதாம், தானா போறவனுக்கு ஒரு மாலை போட்டா போதுமாம். அதனாலதான் பண்டு பூட்சின்னு குணசேகரன் காதுல போட்டுட்டு வரச்சொல்லி மேனேஜரு என்ன அனுப்பினாரு."