களவெட்டியில் இறங்கிய ஹெலிகொப்டர்

சம்மாந்துறை,
மாசி 1982.

அன்புள்ள மச்சான் றஸாக்குக்கு, உன் கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை முகைதீன்பாவா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். அப்படி எழுதாவிட்டால் கடிதம் தொடங்காது என்பதால் எழுதினேன். மற்றபடி வீட்டில் நான் தனிய. வெள்ளம் மறித்து உன்னால் ராத்தாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்துசேர ஏலாமல் போனது. தந்தியில் எல்லாம் எழுத முடியுமா?

விஷயம் இதுதான். ஹெலிகொப்டரில் நோயாளி ஏற்றும் புதுத் திட்டத்துக்குக் கொழும்புக் கந்தோரில் வேலை செய்கிறவன் நீ. மாரியில் வீதி மூடினாலும் நம்மட ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் பறக்கலாம், இறங்க மட்டமான இடம் வேணும் என்று நீ கேட்டதால்தான் நான் நெற்கதிர்ச் சூடு மிதிக்கிற என் களவெட்டியைக் கொடுத்தேன். அதைத் திட்டத்திலிருந்து வெட்டிவிடச் சொல். வெள்ளாமை அறுக்கிற நேரம். இனி ஒரு ஹெலிகொப்டரும் அங்கே இறங்கப்படாது.

ஒத்திகைக்கு வந்த நாளே சரியில்லை. அது கிளப்பின காற்றில் அயல் வீட்டுச் சல்மா உம்மாவின் கூரைக் கிடுகு பறந்துபோய்ப் பள்ளிவாசலில் ஒழு எடுக்கிற ஹவுள் தண்ணிக்குள் விழுந்தது. நெல்லு விழுகிற களவெட்டிக்குள் சப்பாத்தோடு கால் வைக்கலாமா என்று பக்கத்து வயல்காரர் கச்சிமுகம்மது போடியார் ஓடிப்போய் மறிக்க, பைலட் மாத்தயா சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். விருந்தாளி வெறும் வயிற்றோடு போவதா என்று உன் ராத்தா சஹன் தட்டு வைத்து, நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் போட்டுப் போட்டு, இனி இந்த மனுசனைத் தூக்க ஹெலிகொப்டருக்குத் தெம்பு காணுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

தை வெள்ளத்தில் உன் ராத்தாவுக்கே மூச்சு முட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டா. பொலிசுக்கு ஆள் அனுப்பி, அவங்க வயர்லசில் சொல்லி, ஹெலிகொப்டர் சுறுக்காக வந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் வந்த டொக்டர் தம்பி ஸ்ட்ரெச்சரை விரித்தால் இவ ஏறினால்தானே! "வந்த புள்ளையளுக்குத் தேத்தண்ணி குடுத்தீங்களா?" என்கிறா. "அல்லாவுக்காக ஏறு புள்ள!" என்று கத்தினேன். "அவங்க குடிக்காம நான் ஏறமாட்டன். வெறும் வாயோட அனுப்பின ஊடு எண்டு பேர் வரப்படா." மூச்சுத்தான் இல்லை, பிடிவாதம் கொஞ்சமும் குறையவில்லை. டொக்டர் தம்பி பாவம், கொதிக்கக் கொதிக்க வாங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தார். மாத்தயாவுக்குச் சீனி காணாது என்று வேறு சொன்னா. அதற்குப் பிறகுதான் படுத்தா.

எனக்கு இடமில்லையாம். நானும் வாறன் என்று கதவில் தொங்கினேன். "கோழியளை அடைச்சிட்டு ஆறுதலா வாங்க" என்று கையைக் காட்டினா. அதுதான் என்னோடு கதைத்த கடைசிக் கதை. இத்தனை வருசம் குடும்பம் நடத்தினதற்குக் கடைசியில் கோழிக் கதை, மச்சான்! தோணியிலும் உழவு மெசினிலுமாக நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எல்லாம் முடிந்திருந்தது. கொண்டுபோகத்தான் ஹெலிகொப்டர், ஜனாஸாவைக் கொண்டுவர இல்லை. பறந்து போனவ உழவு மெசின் பெட்டியில் திரும்பி வந்தா. தேத்தண்ணி குடித்த நேரம் மிஞ்சியிருந்தாலும் காப்பாற்றியிருக்க ஏலாது என்று டொக்டர் தம்பி சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ, உண்மையோ, அல்லாஹ்தான் அறிவான். வாசலைத் திறந்தால் களவெட்டியில் ஹெலிகொப்டர் இறங்கப் போட்ட அந்த வெள்ளைச் சுண்ணாம்பு வட்டம்தான் தெரிகிறது. என்னால் பார்க்க ஏலாது மச்சான். மண்வெட்டியால் கொத்தி அழிக்கப்போகிறேன்.

உன் பெண்சாதி ஹாஜறாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். ரஹ்மானான அல்லாஹ் உங்கள் எல்லோரையும் காப்பான். ராத்தாவுக்கு யாசீன் ஓது.

இப்படிக்கு,
முகைதீன்பாவா

பி.கு.: மேலே எழுதினதைக் கந்தோரில் ஒருவருக்கும் காட்டாதே. கடிதத்தை ஒட்டுமுன் திரும்பவும் மழை வீதியை மூடிவிட்டது, பக்கத்து வளவுக் கமீலாவுக்குப் பிரசவ வலி, பிள்ளை குறுக்கே கிடக்குதாம். வட்டம் மங்கியிருந்தது, நானே சுண்ணாம்பு பூசினேன். ஹெலிகொப்டர் இறங்கியது. அதே டொக்டர் தம்பி. என் நெல்லுச் சூட்டை இந்த முறை போடியாரின் களவெட்டியில் மிதித்துக்கொள்கிறேன். தாயும் பிள்ளையும் சுகம் என்று இப்போதுதான் செய்தி வந்தது. ஹெலிகொப்டர் இறங்கினதும் நான் தேத்தண்ணியோடு ஓடினேன், "நேரமில்ல வாப்பா" என்று கமீலாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் சரி. கோப்பையோடு அங்கேயே நின்றேன். உன் ராத்தா இருந்திருந்தால் விட்டிருப்பாவா, மச்சான்?