பதினோராவது கேசரி

பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியைத் தொடாதவனை எந்த ஊரிலும் நல்லவன் என்று சொல்ல மாட்டார்கள். பூலாம்பாடியில் நான் தொடவில்லை.

காரணம், முந்தின நாள் அரியலூரில் எடுத்த ஸ்கேன். "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இனிப்பு, எண்ணெய் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர். எங்கள் பக்கம் ஈரல் கெட்டவன் என்றால் குடிகாரன் என்றுதான் பொருள். (நான் சோடா குடித்தாலே ஏப்பத்தை எண்ணுகிறவன்.) மனைவி சரோஜாவிடம் "வெறும் வாயு" என்று சொல்லி வைத்தேன். பெண் வீட்டார் தரகரிடம் கேட்டிருந்த ஒரே கேள்வி, "அந்த வூட்டுல யாராச்சும் குடிப்பாங்களா?" என்பது. ஆகவே வாயைத் திறக்க வழியில்லை.

மகனுக்கு முப்பத்து நாலு வயது. இது பதினோராவது பெண். முந்தின பத்து வீடுகளிலும் அவன் பங்குக் கேசரியையும் சேர்த்து நானே தின்றிருந்தேன். இந்தப் பெண்ணோடு போனில் பேசியதிலிருந்து அவன் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இது தட்டிப்போனால் இனி எந்த வீட்டுக்கும் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

தட்டு வந்தது. கேசரியில் நாலு முந்திரி. இரண்டு பஜ்ஜி. கையைக் கட்டிக்கொண்டேன்.

"எடுத்துக்குங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"இருக்கட்டுங்க."

"இனிப்பையாவது தொடுங்க."

"வேணாங்க."

அவர் எழுந்து நின்றார். "பொண்ணு பிடிக்கலன்னா வாயால சொல்லிட்டுப் போங்க. தட்டைத் தள்ளி வச்சு அசிங்கப்படுத்தாதீங்க."

மகனின் முகம் பஜ்ஜி மாவு நிறத்துக்கு வந்தது.

அப்போதுதான் காபியோடு பெண் வந்தாள், பெயர் சுகந்தி. திருச்சியில் ஆராய்ச்சி மாணவி. ("எலிக்கு ஏதோ பண்ணுது" என்பதோடு தரகர் நிறுத்திக்கொண்டிருந்தார்.) என் தட்டைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

"சுகருங்களா சார்?"

"இல்லம்மா."

"அப்ப ஈரல்ல கொழுப்புங்களா?"

"அட மனுஷா, குடிச்சீங்களா?" என்று சரோஜா அலறினாள்.

"குடிக்காதவங்களுக்கும் வரும்ங்க. நான் அதைத்தான் படிக்கிறேன். அப்பா, நீங்க உக்காருங்க."

சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் பார்த்தவன் நான் என்று மகன் சொல்லியிருப்பான் போல. எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள்.

"ஈரல் செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டிச் சூளைங்க இருக்கு சார். கொழுப்பை எரிச்சு சக்தி எடுக்கும். கொழுப்பு குமிஞ்சா முதல்ல கூடுதலா எரிச்சுப் பாக்கும், அப்புறம் திணறும். பொறி பறக்கும். அந்தப் பொறி சூளைச் சுவரையே அரிக்கும். அதைத்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ங்கறோம். சுவர் போச்சுன்னா எரியறது குறையும், கொழுப்பு இன்னும் சேரும்."

ஆயுள் முழுக்க சிமெண்ட் சூளைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், எனக்குள்ளேயே சூளை எரிவதை அன்றுதான் அறிந்தேன்.

"ஒரு செல்லுல எத்தனைம்மா?"

"ஆயிரம், ரெண்டாயிரம் இருக்கும்."

"யாரு எண்ணினா?"

அவள் சிரித்துவிட்டாள். "நல்ல கேள்வி மாமா. தினம் நடங்க, வயித்தைக் குறைங்க, தேறிடலாம்."

இரண்டு 'சார்'களுக்குப் பிறகு ஒரு 'மாமா'. நான் எண்ணுவதற்குள் மகன் எண்ணிவிட்டான். என் தட்டுக் கேசரியை எடுத்து அவனே தின்றான்.

இப்போதும் எந்த விருந்திலும் நான் இனிப்பை ஒதுக்கினால் சம்பந்தி ஊருக்கே கேட்கும்படி, "என்ன சம்பந்தி, எம்பொண்ணைப் பிடிக்கலையா?" என்பார். பிடித்திருக்கிறது என்று காட்ட ஒரு துண்டை நோக்கிக் கை போகும். எங்கிருந்தோ "மாமா" என்று ஒரு குரல் வரும்.

கையை எடுத்துவிடுவேன். பிடித்திருப்பதை வேறு எப்படித்தான் காட்டுவது?