முதலாளியை அழவைத்த இறைச்சி உருண்டை

எனக்கு நன்றாகச் சமைக்க வரும் என்று நான் யாரிடமும் பீற்றிக்கொள்வதில்லை. (அவர்கள் கேட்க மறந்தால் மட்டும் சொல்வேன்.)

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில், சைப்ரஸ் நாட்டுக் கிரேக்கர் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி பெயர் ஆன்ட்ரியாஸ். அங்கிருந்த சமையற்காரர் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட, "அடுப்பை என்னிடம் தாருங்கள்" என்று மார்பைத் தட்டினேன். ஆன்ட்ரியாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் அம்மாவின் கெஃப்தேதெஸ் செய்துகாட்டு. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கே வந்து சாப்பிடுகிறேன். சரிவந்தால் அடுப்பு உனக்கு. பிழை வந்தால் வாழ்நாள் முழுக்கக் கோப்பைதான்."

கெஃப்தேதெஸ் என்பது பொரித்த பன்றி இறைச்சி உருண்டை. அரைத்த இறைச்சி, துருவிய உருளைக்கிழங்கு, வெங்காயம், புதினா, பார்ஸ்லி, கொஞ்சம் கறுவாப்பட்டை, அவ்வளவுதான். ஆனால் துருவிய கிழங்கைத் துணியில் கட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிய வேண்டும். குடும்ப மானமே அதில்தான் இருக்கிறது என்று ஆன்ட்ரியாஸ் சொல்லியிருந்தார். டோர்செட் பார்க் பகுதியில் நான் தங்கியிருந்த அக்காவின் அப்பார்ட்மென்டில் நான் பிழிந்த பிழியில் அத்தானின் நல்லூர்த் திருவிழா வேட்டி இரண்டாகக் கிழிந்தது. கிழங்கோ பஞ்சு மாதிரி வந்தது. அப்படி ஒரு கை என்னுடையது!

அக்கா சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"உதென்னடா வெளிறிப்போய்க் கிடக்கு? காய்ச்சல்காரருக்கோ?"

"உது அவையின்ர முறை அக்கா. மிளகாய்த்தூள் போடேல்லை."

"தூள் போடாத இறைச்சியோ! வீடு தேடி வாற மனிசருக்கு உதைக் குடுத்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"என்ர வேலை உந்தச் சட்டிக்குள்ளைதான் இருக்கு. அதைத் தொட்டியோ, கொலைதான் விழும்!"

இப்படி வீரமாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். (யாழ்ப்பாணத்து அக்காவையும் ஒரு சட்டி இறைச்சியையும் தனியே விட்டுவிட்டுக் குளிக்கப் போன அறிவாளி உலகத்திலேயே நான் ஒருவன்தான்.) திரும்பி வந்தபோது இறைச்சி கொஞ்சம் சிவந்திருந்தது. கறுவா ஊறிவிட்டது என்று மகிழ்ந்தேன். விருந்தாளி உண்ணுமுன் வாயில் வைக்கக்கூடாது என்று எங்களை வளர்த்திருந்தார்கள். அதனால் உப்புக்கூடப் பார்க்காமல் உருட்டிப் பொரித்தேன்.

ஆன்ட்ரியாஸ் வந்தார். ஓர் உருண்டையை முழுதாக வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். அவருடைய கண்கள் நிரம்பி, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"அத்தான், பாருங்கோ, மனிசனுக்குத் தாயின்ர ஞாபகம் வந்திட்டுது" என்று கிசுகிசுத்தேன். அவருடைய கோப்பையில் இன்னும் இரண்டு வைத்தேன். அவர் என் கையை இறுகப் பிடித்தார். நானும் உருக்கமாகப் பிடித்தேன். அவர் மறுகையால் தண்ணீர்க் குழாயைக் காட்டியபோதுதான் சந்தேகம் வந்து ஒன்றைக் கடித்தேன்.

ஐயோ! காது இரண்டாலும் புகை போனது.

"தூள்தான் போட்டனான்," என்றாள் அக்கா, கூச்சமே இல்லாமல். "நான் பண்டி இறைச்சி தின்னுறேல்லை. வாசத்திலைதான் அளவு பாத்தனான்."

என் அடுப்பு அணைந்தது என்று சுவரோடு சாய்ந்துவிட்டேன். ஆன்ட்ரியாஸ் தண்ணீர் குடித்தார், தயிர் குடித்தார், மூக்கைத் துடைத்தார். பிறகு கையை நீட்டி இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"இது என் அம்மாவினுடையது இல்லை. யார் செய்தது?"

"நான்தான்!" என்றேன். (வெட்கம் கெட்டவன்.)

அவர் என்னைத் தாண்டி, தூள் போத்தலும் கையுமாக நின்ற அக்காவைப் பார்த்தார். "அவரிடம் கேள், நாளைக்கு வேலைக்கு வருவாரா?"

"ஆட்டிறைச்சி எண்டால் வாறன் எண்டு சொல்லு," என்றாள் அக்கா. என் வாயாலேயே அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஆன்ட்ரியாஸின் தாயின் பன்றி உருண்டை அந்தக் கடையில் ஆட்டிறைச்சி உருண்டையானது. அதற்கென்றே மார்க்கம் நகரிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் கார் பிடித்து வந்தார்கள். அக்கா அடுப்படியை ஆண்டாள். நான் அவளுடைய கோப்பைகளைக் கழுவினேன். இன்றைக்கும் கலியாண வீடுகளில் அவளுடைய பிள்ளைகள் என்னைக் காட்டி, "அம்மாவுக்கு வேலை எடுத்துக் குடுத்தது எங்கட மாமாதான்" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார்கள்.

ஓம், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வேறு யாராம்?