ஒரு டம்ளர் ஞானஸ்நானம்

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்பது பகிரங்கமாக நடக்க வேண்டிய காரியம். விதி ஏழு அப்படித்தான் சொல்கிறது. எத்தனை பேர் இருந்தால் பகிரங்கம் என்று விதியில் இல்லாததால், அதை ஆராய ஒரு குழு அமைத்தோம். குழு பதினோரு மாதம் ஆராய்ந்து, 'நூறு பேருக்குக் குறையாமல். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் அரை ஆளாகக் கணக்கிடப்படுவர். தூங்குகிறவர்கள் சேர்க்கப்பட மாட்டார்கள்' என்று முடிவு செய்தது. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். தூங்குகிறவர்கள் பற்றிய திருத்தம் நான் கொண்டுவந்தது.

அதன் பிறகு ஞானஸ்நானம் நாகரிகமாகிவிட்டது. தொட்டியைச் சுற்றிப் பலூன் வளைவு வந்தது. படம்பிடிப்பவர் வந்தார்.

"போதகரய்யா, தலை உள்ள போனது சரியா விழல. இன்னொரு தடவை முக்குங்க."

இப்படி மூன்று முறை முக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு எது ஞானஸ்நானம், எது ஒத்திகை என்று சந்தேகம் எழுந்தது. படம் நன்றாக விழுந்ததே செல்லும் என்று தீர்மானித்தோம்.

இந்த நிலையில்தான் தையல்காரர் மனுவோடு வந்தார். நாற்பது வருஷமாக எங்கள் எல்லோருக்கும் துணி தைத்தவர். அவர் மனைவி எங்கள் சபையைச் சேர்ந்தவர்; ஆறு வருஷத்துக்கு முன் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஞானஸ்நானம் பெறாதவருக்கு அங்கே இடம் கிடையாது.

"அவ கூடவே வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தவன்தானேங்க நான். வீட்டுல வச்சு, போதகர் மட்டும் வந்து, கொஞ்சம் தண்ணி ஊத்தினாப் போதும். அவ பக்கத்துல ஒரு இடம். வேற ஒண்ணும் கேக்கல."

எங்கள் செயலாளர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். "ஏன், எல்லார் முன்னாடியும் வந்தா என்ன?" என்றார்.

"எல்லாரோட இடுப்பளவும் எனக்குத் தெரியுங்க. யார் யார் வயித்தை எக்கிட்டு அளவு கொடுத்தாங்கன்னும் தெரியும். அவங்க முன்னாடி ஈரத்துணியோட நிக்க வெக்கமா இருக்குது."

செயலாளர் தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மனுவின் ஓரத்தில் எழுதினார்: 'வெட்கம் விதிகளில் இடம்பெறவில்லை. நிராகரிக்கப்படுகிறது.'

அடுத்த வாரம் தையல்காரருக்குக் கடையிலேயே நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். போதகர் வெளியூரில் இருந்தார். கட்டிலருகே நின்றது வார்டு ஆயா மட்டும்தான். தையல்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே ஞானஸ்நான வாசகத்தைச் சொல்லிக்கொடுக்க, ஆயா அதை அப்படியே சொல்லி, மாத்திரைக்கு வைத்திருந்த டம்ளர் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார்.

சாகும் தறுவாயில் யார் ஊற்றினாலும் செல்லும் என்பது விதி ஒன்பது. ஆனால் தையல்காரர் சாகவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

குழு கூடியது.

"விதி ஒன்பது சாகிறவங்களுக்கு. நீங்க சாகலையே" என்றார் செயலாளர்.

"சாகப்போறேன்னு டாக்டரே சொன்னாருங்க."

"அவர் சொன்னாரு. நீங்க ஒத்துழைக்கலையே."

"அப்ப செத்திருந்தா?"

"அன்னிக்கு சாயங்காலமே இடம் ஒதுக்கியிருப்போம். எங்களுக்கு உங்க மேல என்ன விரோதமா?"

போதகர் மெல்ல வாய் திறந்தார். "இவருக்கு நான் புதுசா கொடுத்துடலாமே?"

"முதல்ல கொடுத்தது செல்லாதுன்னு முடிவாகாம ரெண்டாவது கொடுக்க முடியாது. ஒருத்தருக்கு ஒண்ணுதான்" என்றார் குழுத் தலைவர். மூன்று முறை முக்கப்பட்ட பெண் அவருடைய மகள்.

எனவே ஆயாவை வரவழைத்தோம். வேலை உடுப்போடு வந்தார்.

"நீங்க எந்தச் சபைம்மா?"

"சபையெல்லாம் இல்லீங்க. நான் ஆறாம் வார்டு."

அறை சலசலத்தது. தலைவர் எழுந்தேவிட்டார். "தானே ஞானஸ்நானம் வாங்காத ஆள் அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறதா? யாரும்மா உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலீங்க. போதகருக்கு ஆள் போகும். அவர் வர்றதுக்குள்ள இவங்க போயிருவாங்க. பக்கத்துல நான்தான் நிப்பேன். கேட்டாங்கன்னா ஊத்துவேன். எத்தனை பேருக்கு ஊத்தியிருப்பேன்!"

"எத்தனை பேருக்கா?"

"இருபத்தாறு வருஷமாச்சேங்க. ஏன், உங்க அப்பாவுக்கு நான்தானே ஊத்தினேன், செயலாளரய்யா? தண்ணி ஜில்லுன்னு இருக்குதுன்னு என்னைத் திட்டினாரே! தலைவரய்யா மாமியாருக்கு ரெண்டு டம்ளர். முதல் டம்ளரைக் குடிச்சுட்டாங்க."

வாழ்நாளெல்லாம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டுக் கடைசி மூச்சில் கரையேறியவர்களை மதிலோரத்து வரிசையில் அடக்கம் செய்வது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரியில் பெற்றார் என்று பதிவேட்டில் இருக்கும். யாரிடம் பெற்றார் என்று நாங்கள் கேட்டதில்லை. இப்போது தையல்காரருடையது செல்லாது என்றால், செயலாளரின் அப்பாவை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோதே யார் சொன்னாலும் எழுந்திருக்காதவர். அந்த வரிசையில் எனக்கும் ஒருவர் உண்டு.

ஆயா ஊற்றியது செல்லும் என்று ஏகமனதாக நிறைவேறியது. மனைவிக்குப் பக்கத்து இடத்துக்கான அடக்க அனுமதிக் கடிதமும் அன்றே தயாரானது. செயலாளர் மட்டும், தன் பங்குக்கு, கீழே ஒரு வரி சேர்த்தார்: 'அவசரகால ஞானஸ்நானம் அவசரத்துக்கு உட்பட்டதாகையால், இவ்வனுமதி தொண்ணூறு நாள்களுக்குள் பயன்படுத்தப்படாவிடில் தானாகவே காலாவதியாகும்.'

தையல்காரர் இரண்டு முறை படித்தார்.

"தொண்ணூறு நாளுக்குள்ளவா?"

"முயற்சி பண்ணுங்க" என்றார் செயலாளர்.

"மத்தவங்களுக்கெல்லாம் இப்படிக் கெடு இல்லையேங்க. எனக்கு மட்டும் என்ன பாரபட்சம்?"

பாரபட்சம் என்ற சொல் எங்களைச் சுட்டது. எந்தப் பழியையும் தாங்குவோம். அதை மட்டும் தாங்கமாட்டோம். அங்கேயே, அந்த நிமிஷமே, சபையார் அனைவரின் அடக்க அனுமதிக்கும் அதே தொண்ணூறு நாள் விதியைப் பொதுவாக்கினோம். பலத்த கைதட்டல்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபை மொத்தமும் அனுமதியைப் புதுப்பிக்கச் செயலாளர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறது. படிவத்தில் 'முந்தைய அனுமதியைப் பயன்படுத்தாததற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலோர் 'தவிர்க்க முடியாத சூழ்நிலை' என்று எழுதுகிறார்கள். போன தடவை என் முறை வந்தபோது, செயலாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மறுபடியும் நீங்களா?" என்றார்.